ஏறி நில்லுங்க தம்பி

குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவனிடம் எல்லாரும் முதலில் கேட்பது, எத்தனை நடை ஆகும், ஏற்றி இறக்க ஆள் உண்டா என்பதுதான். அந்த அக்கா கேட்டது வேறு. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன். மாடிப்படியில் நின்றவர் என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார்.

"தம்பி, நீங்க எத்தினி கிலோ?"

எனக்குச் சுருக்கென்றது. என் எடையைப் பற்றி யார் பேசினாலும் எனக்குப் பிடிக்காது. அப்போது தொண்ணூற்றாறு. டாக்டர் எச்சரித்தாயிற்று. வீட்டில் மனைவி கேழ்வரகுக் களியைத் தவிர வேறெதையும் கண்ணில் காட்டுவதில்லை. டீக்கடை பெஞ்சில் நான் உட்கார்ந்தால் எதிர்முனையில் இருப்பவன் எழுந்து நின்று கும்பிடுவான். சாமான் ஏற்ற வந்த இடத்திலுமா இந்தக் கேள்வி என்று கடுப்பாகி, "வண்டி முக்கா டன் தாங்கும்க்கா. நான் ஏறினா ஒண்ணும் ஆயிடாது" என்றேன்.

"அதுக்கில்ல. மேல வாங்க. ரெண்டு நிமிஷம் ஏறி நிக்கணும்."

மேலே போய்ப் பார்த்தால் ஒரு சாமான்கூடக் கட்டவில்லை. தரையில் கம்பளி விரித்திருந்தது. அதன் மேல் ஒரு வெள்ளைத் தாள், தாளின் மேல் ஒரு பலகை கவிழ்ந்து கிடந்தது. அறை முழுக்கக் கொடிகட்டி, துணிக்கு மாட்டும் கிளிப்பில் தாள்கள் தொங்கிக்கொண்டிருந்தன. டர்பன்டைன் வாடை மூக்கை அடைத்தது.

"செருப்பக் கழட்டிட்டு ஏறி நில்லுங்க தம்பி. குதிச்சிடாதீங்க. குதிகால்ல ஆரம்பிச்சி வெரல் வரைக்கும் மெதுவா எடையக் கொண்டாங்க."

சாமான் தூக்க வந்தவன் பலகை மேல் ஏறி நின்றேன். நின்று இறங்கியதும் பலகையை எடுத்துவிட்டுத் தாளைத் தூக்கிக் காட்டினார். ஒரு ஆட்டுக்குட்டி என்னைப் பார்த்தது. கண் இமை மயிர்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

"பாத்தீங்களா, எவ்ளோ சுத்தமா விழுந்திருக்கு! நான் நின்னா பாதிதான் விழும். நான் நாப்பத்தெட்டு கிலோ, எதுக்கு ஒதவும்?"

என் எடையைப் பார்த்து உலகத்தில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவர்தான். அன்று பன்னிரண்டு தாளுக்கு ஏறி இறங்கிய பிறகே என்னைச் சாமான் ஏற்ற விட்டார். நானும் கோபத்தை எங்கே வைத்தேன் என்று மறந்துபோய், பதின்மூன்றாவது தாள் இல்லையா என்று கேட்டேன்.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் சண்டைக்கு வருவார். என் போனில் 'பலகை அக்கா' என்றுதான் இருந்தார், இன்றும் அப்படித்தான் இருக்கிறார். பலகையில் உளியால் படம் செதுக்கி, ரோலரால் மை தடவி, தாளில் ஒற்றி எடுப்பது அவர் வேலை. இதற்கென்று இரும்பில் அழுத்தும் இயந்திரம் உண்டாம். அவரிடம் கிடையாது, வேண்டாம் என்றும் சொல்வார். "மிஷினு எல்லாப் பலகையையும் ஒரே மாதிரி அமுக்கும் தம்பி. மனுசன் பாதம் வளைஞ்சி குடுக்கும்." அதனால் அவருக்கு மனிதர்கள்தான் இயந்திரம். நல்லவர், கெட்டவர், படித்தவர், படிக்காதவர் என்றெல்லாம் அவர் ஆளைப் பார்த்து நான் கண்டதில்லை. அறுபதுக்குக் கீழ் கம்மி, எண்பதுக்கு மேல் ஜாஸ்தி, அவ்வளவுதான் அவருடைய உலகம்.

கேஸ் சிலிண்டர் போட வந்தவரைக்கூட விடவில்லை. நிறைந்த சிலிண்டரைப் பலகை மேல் இரண்டு நிமிஷம் வைக்கச் சொல்லியிருக்கிறார். தாளைத் தூக்கிப் பார்த்தால் படத்துக்கு நடுவே அழுத்தமாக ஒரு வட்டம் மட்டும் விழுந்திருந்ததாம். "ஓரத்துலதான் அமுக்குது, நடுவுல ஒண்ணுமில்ல" என்று சிலிண்டரைக் குறை சொன்னாராம். பிறகு சிலிண்டர் கொண்டுவந்தவரையே ஏறி நிற்கச் சொன்னாராம். அவர் ஐம்பத்தைந்து கிலோதான். அக்காவுக்கு அதில் வருத்தம். "இவ்ளோ கனத்தத் தூக்கறாரு, ஒடம்புல ஒண்ணுமே ஒட்டல பாருங்க" என்று என்னிடம் நியாயம் கேட்டார்.

இப்படி ஒருவருக்கு எந்த வீடு நிலைக்கும்? பஸ் ஸ்டாண்டு சந்து வீட்டில் அவர் மாடியில் ஆள் ஏற்றி இறக்கியதில் கீழ்வீட்டுக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து சாம்பாரில் விழுந்தது. அங்கிருந்து தியாகதுருகம் போனார். மலையடிவாரத்தில் தரைவீடு, அதனால் காரை பிரச்சினை இல்லை. அந்த வீட்டுக்காரர் ரிட்டயர்டான கண்டக்டர், நூற்றிரண்டு கிலோ. அக்கா அந்த வீட்டை எதற்காகப் பிடித்தார் என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

மனிதர் ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டில் ஒருவரும் அவரை ஒரு வேலைக்கும் கூப்பிடுவதில்லை. அக்கா கூப்பிட்டார். காலையில் குளித்து விபூதி பூசிக்கொண்டு, "இன்னிக்கி எத்தினிம்மா?" என்று வந்து நிற்பாராம். ஏறும்போது ஒரு விசில், இறங்கும்போது ஒரு விசில். மூன்று மாதத்தில் அவருக்கு முகமே வேறு மாதிரி ஆகிவிட்டது என்று அக்கா சொல்வார். அதுதான் வினை. ஒருநாள் அவருடைய வீட்டம்மா வாசலில் நின்று தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

"குடியிருக்க வந்தியா, என் வூட்டுக்காரர வெச்சி மாவாட்ட வந்தியா? அவரு இன்னா ஒரலா? கால்ல மையோட வந்து மெத்தையில ஏர்றாரு!"

அடுத்த வாரம் நான் வண்டியோடு போனேன். கண்டக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சமையலறைக்குள் போன நேரம் பார்த்து வெளியே வந்து, கடைசியாக ஒரு தாளுக்கு ஏறி நின்றுவிட்டுப் போனார். விசில் மட்டும் அடிக்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். வீடு மாற்றும் நாள் என்றால் ஊரில் எல்லாருக்கும் கை கால் ஓடாது. இவருக்கு அன்றுதான் வேலை பிறக்கும். வண்டி வாசலில் நிற்கும்போது புதிதாக ஒரு தாள் விரிப்பார். கேட்டால், "காலி பண்ணும்போதுதான் தம்பி தரை நெறைய எடம் கெடைக்குது" என்பார். உளிகளைப் பெட்டியில் வைப்பார், பலகை ஒவ்வொன்றையும் பழைய நூல் புடவையில் குழந்தையைச் சுற்றுகிற மாதிரி சுற்றுவார். மை உருட்டும் கண்ணாடித் தகட்டை மட்டும் யாரிடமும் தர மாட்டார், மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காருவார். அரிசி, பாத்திரம், மூக்குக்கண்ணாடி, போன் சார்ஜர் எல்லாம் எந்த மூட்டையில் போனதோ, அது ஆண்டவனுக்கே வெளிச்சம். புது வீட்டில் பால் காய்ச்சினால் அது பொங்கி, வழிந்து, தீய்ந்து, நாறின பிறகுதான் அடுப்படிப் பக்கம் போவார். "பொங்கிச்சா? நல்லதுதான்" என்பார்.

தியாகதுருகத்துக்கு அடுத்து நைனார்பாளையம். அங்கே ஒரு வம்பும் இல்லை. வீட்டுக்கார அம்மா இட்லிக்கடை வைத்திருந்தவர், எண்பத்தெட்டு கிலோ, வாய் நிறையச் சிரிப்பு. இரண்டு வருஷம் அக்கா நிம்மதியாக இருந்தது அங்கேதான். ஆனால் அந்த அம்மாவின் மகனுக்குத் தையில் கல்யாணம் வைத்தார்கள். வெள்ளையடித்து மருமகளைக் கூட்டிவர வீடு வேண்டும். மார்கழி பிறந்தால் யாரும் வீடு மாற்ற மாட்டார்கள். அதனால் கார்த்திகைக்குள் அக்கா கிளம்பியாக வேண்டும்.

அக்காவுக்கு அது ஆகாத நேரம். ஏன் என்று அந்தக் காலையில் வண்டியில் போகும்போதுதான் சொன்னார். மணலூர்பேட்டையில் அவருடைய அண்ணன் அரிசிக்கடை வைத்திருக்கிறார். வருஷக்கணக்காக, "வந்து கல்லாவுல ஒக்காரு, இந்த மைய அப்பிக்கினு ஊர் ஊரா திரிஞ்சது போதும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பவர். ஐப்பசியில் போனில் பெரிய சண்டை. கோபத்தில் அக்கா சபதம் போட்டுவிட்டார். புதுச்சேரியில் படங்கள் வைக்கிற ஒரு கூடத்துக்காரர் அவருடைய படத்தை முதல்முறையாகக் கேட்டிருந்தார். ஒரே படத்தில் பதினைந்து பிரதி, பதினைந்தும் ஒன்றுபோல் இருக்க வேண்டும், மார்கழி பன்னிரண்டுக்குள் கைக்கு வர வேண்டும். "தை பொறக்கறதுக்குள்ள என் படம் அந்தச் சுவத்துல ஏறலன்னா, உளியக் கெணத்துல போட்டுட்டு ஒன் கடைக்கு வரேன்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டாராம்.

"வாய் சும்மா இருக்கலாமில்லக்கா?" என்றேன்.

"இருக்கலாம்தான். ஆனா சொல்லிட்டேன்" என்றார். சொன்னால் செய்கிற ஆள் என்பது எனக்குத் தெரியும்.

இந்தப் படத்தின் வேலை முறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்த பாவத்தின் அளவு உங்களுக்குத் தெரியாது. ஒரே பலகைதான். முதலில் கொஞ்சம் செதுக்கிப் பதினைந்து தாளிலும் மஞ்சள் அடிப்பார். பிறகு அதே பலகையில் இன்னும் செதுக்கி, அதே பதினைந்து தாளிலும் பச்சை. கடைசியாக இன்னும் செதுக்கிக் கறுப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் பலகை குறைந்துகொண்டே வரும். கறுப்புக்கு வந்த பிறகு மஞ்சளுக்குத் திரும்ப வழியில்லை. மஞ்சளும் பச்சையும் முடிந்திருந்தன. கறுப்புக்கு நாலு நாள் உட்கார்ந்து செதுக்கியும் முடித்திருந்தார். அடிக்க வேண்டியது மட்டும் பாக்கி.

படம் என்ன என்று கேட்டேன். காலி பண்ணின வீடு என்றார். காலண்டர் தொங்கின இடத்தில் வெளுத்த சதுரம், ஒரு ஆணி, மூலையில் சாய்த்து வைத்த ஒரு விளக்குமாறு.

"காலி வூட்டப் போயி எவன்க்கா சுவத்துல மாட்டுவான்? நான் தெனம் நாலு பாக்கறேன்."

"நீங்க சாமானப் பாக்கறீங்க. நான் சாமான் போன அப்பால பாக்கறேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த விளக்குமாற்றில் ஒவ்வொரு ஈர்க்கும் தலைமுடி கனம்தான் இருக்கும், அதற்கு மட்டுமே இரண்டு நாள் ஆனது என்று பிறகு மெல்லச் சொன்னார்.

போய்க்கொண்டிருந்தது கல்வராயன் மலைக்கு. மேலே ஒரு சின்ன ஊரில், முன்பு கடுக்காய் மூட்டை போட்டு வைத்த ஒரு பெரிய அறை கிடைத்திருந்தது. மேல்வீடு கிடையாது, கீழ்வீடு கிடையாது, எவ்வளவு மிதித்தாலும் கேட்க ஆள் இல்லை. கச்சிராயபாளையம் தாண்டி அணையைக் கடந்து வளைவுகள் ஏறும்போது தூறல் போட்டது. நாலாவது வளைவில் வண்டி சூடாகிவிட்டது. ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, தண்ணீர் பிடிக்க ஓடைக்கு இறங்கினேன். அக்கா கண்ணாடித் தகட்டை மடியில் கட்டிப்பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

தண்ணீர்க் கேனோடு ஏறி வந்தால் வண்டி மெதுவாகப் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. என் ஹேண்ட் பிரேக் கொஞ்சம் அப்படி இப்படித்தான், அதை மறைக்கவில்லை. அதற்காகத்தான் டயருக்கு அண்டை கொடுக்க ஒரு கட்டை எப்போதும் வைத்திருப்பேன். அந்தக் கட்டையை அன்று காலை பலகைகள் ஆடாமலிருக்க அக்காதான் வாங்கிச் சாமானுக்கு நடுவே செருகியிருந்தார். ஆகவே முழுத் தப்பும் என்னுடையது அல்ல. பக்கத்தில் ஒரு கல்லும் இல்லை. வண்டிக்குப் பின்னால் பத்தடியில் பள்ளம். கேனைப் போட்டுவிட்டு ஓடினேன். சாமானிலிருந்து துருத்திக்கொண்டிருந்த தட்டையான ஏதோ ஒன்றை உருவிப் பின்டயருக்குக் கீழே தள்ளினேன். டயர் அதன் மேல் பாதி ஏறி நின்றது.

எனக்கு மூச்சு வந்த பிறகுதான் கவனித்தேன், அது புடவை சுற்றிய பலகை.

கல் தேடிக் கொண்டுவந்து அண்டை கொடுத்து, வண்டியை முன்னால் எடுத்து, அதை வெளியே இழுத்தேன். புடவை கிழிந்திருந்தது. பிரித்துப் பார்த்தேன். நகம் அழுத்தினாலே தடம் விழுகிற மெத்தென்ற மரம் அது, உளிக்கு அதுதான் இதம் என்பார் அக்கா. செதுக்கிய பக்கம் மேலே இருந்திருக்கிறது. விளக்குமாறு இருந்த இடத்தில் சேறு. துண்டால் துடைத்தேன். துடைக்கத் துடைக்கப் பயம் கூடியது. கிழியாத பக்கம் வெளியே தெரிகிற மாதிரி சுற்றி, சாமானுக்குள் பழைய இடத்தில் செருகிவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

அக்கா கண்ணைத் திறந்து, "வந்துட்டோமா?" என்றார்.

"இன்னும் கொஞ்சம்தான்க்கா. தூங்குங்க" என்றேன்.

மேலே போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். ஆனால் மலையெல்லாம் பனிமூட்டம், அறையில் ஒரே ஒரு ஜன்னல், கரண்டும் இல்லை. இறக்கி வைத்ததும் கிளம்பிவிடலாம் என்று பார்த்தேன். விடுவாரா? "ஒரே ஒரு ஒத்திகை பாத்துடலாம் தம்பி, நீங்க போய்ட்டா எனக்கு ஆளில்ல" என்று பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பி விரித்தார். மூக்குக்கண்ணாடி எந்த மூட்டையில் இருக்கிறது என்று தெரியவில்லை. கண்ணாடி இல்லாமலே, கைப்பழக்கத்தில், பலகையில் கறுப்பு மை உருட்டினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பலகையைக் கவிழ்த்தார்.

"ஏறி நில்லுங்க தம்பி."

ஏறினேன். தெரிந்தே ஏறினேன். "வலது பெருவெரல இன்னும் கொஞ்சம் அமுக்குங்க, அங்கதான் வெளக்கமாறு இருக்கு" என்றார். அமுக்கினேன். அந்தக் குளிரில் எனக்கு முதுகெல்லாம் வேர்த்தது.

தாளைத் தூக்கினார். வெளிச்சம் போதாமல் வாசலுக்குக் கொண்டுபோனார். நான் உள்ளேயே நின்றேன். அவர் தாளைக் கையில் பிடித்தபடி வண்டிப் பக்கம் நடந்தார். இடது பின்டயர் அருகே குந்தி உட்கார்ந்து, தாளை டயரோடு வைத்துப் பார்த்தார். போன மாதம் கண்ணாடி குத்தி அந்த டயரில் ஒரு வெட்டு இருந்தது. தாளிலும் அதே வெட்டு, விளக்குமாற்றின் நடுவே, அந்த ஆட்டுக்குட்டியின் இமை மயிர் விழுந்ததுபோலவே சுத்தமாக விழுந்திருந்தது. அழுத்தி எடுத்ததும் நானேதான்.

"எப்போ?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஹேண்ட் பிரேக்கையும் சொன்னேன்.

"பின்னாடி எவ்ளோ பள்ளம்?"

"பனமரம் ஒசரம் இருக்கும்க்கா."

டயரை ஒரு தடவை தடவிவிட்டு எழுந்தார். "பலகைக்கு நான் ஒண்ணும் சொல்லல. அது இல்லன்னா நான் இல்ல, நீங்களும் ஜெயில்ல இருப்பீங்க. ஆனா ஏறி நின்னீங்களே தம்பி. தெரிஞ்சிக்கினே ஏறி நின்னீங்களே."

திட்டியிருந்தால் தேவலை.

வாசற்படியில் உட்கார்ந்து போனை எடுத்தார். அவர் போனில் காதில் வைத்தால் கேட்காது, ஸ்பீக்கரில்தான் பேசுவார். அண்ணன் எடுத்தார். "இன்னாம்மா?" என்ற குரல் எனக்கும் கேட்டது. அக்கா சொல்லிவிடப் போகிறார், எல்லாம் முடிந்தது, என்னால்தான் முடிந்தது என்று நான் அங்கேயே செத்தேன்.

"ஒண்ணுல்லண்ணே" என்றார் அக்கா. "வந்து சேந்துட்டேன். குளுரு ஜாஸ்தி." வைத்துவிட்டார்.

பிறகு உள்ளே போய்ப் பலகையைத் திருப்பிப் போட்டு அதன் முதுகைத் தடவினார். ஜல்லி குத்தின குழிகள் இருந்தன. "இந்த ஊர்ல இழைக்க ஆளிருக்கான்னு போயி பாருங்க" என்றார். நான் ஓடினேன். இரண்டு தெரு தள்ளி மாட்டுவண்டிக்கு வேலை செய்கிற ஆசாரி ஒருவர் இருந்தார். அவரைக் கையோடு இழுத்துவந்தேன். முதுகை இழைத்து வழவழவென்று ஆக்கிக் கொடுத்தார்.

அதன் மேல் அந்த டயர் தாளை, மை காய்வதற்கு முன், அளவு பார்த்துக் கவிழ்த்து வைத்தார் அக்கா. "இப்ப ஏறுங்க." ஏறி நின்று இறங்கினேன். படம் தாளிலிருந்து பலகைக்குத் திரும்பி வந்திருந்தது, டயரோடு சேர்த்து. "டயர நான் செதுக்கித் தள்ளிடுவேன். வெளக்கமாத்த ஞாபகத்துல போட்டுக்கறேன். நாலு நாள் வேணும். நீங்க போய்ட்டு வாங்க" என்றார்.

"நான் எதுக்குக்கா மறுபடி?"

"எதுக்கா? நான் இந்த ஊர சரியா விசாரிக்காம வந்துட்டேன் தம்பி. பாருங்க, மலை ஏறி எறங்கி ஏறி எறங்கி எல்லாரும் ஒல்லி. ஊர் மொத்தத்துக்கும் எழுவது கிலோவுக்கு மேல ஒரு ஆளில்ல."

அந்த நேரத்திலும் இப்படிப் பேச அவரால்தான் முடியும். நாலு நாளும் நான் வீட்டில் களியைத் தொடவில்லை. மனைவி முறைக்க முறைக்க, பரோட்டா வாங்கிச் சாப்பிட்டேன். ஐந்தாம் நாள் போனதும் என்னைப் பார்த்து, "கொறயல இல்ல?" என்று கேட்டார். பதினைந்து தாளுக்கும் ஏறி நின்றேன். ஒவ்வொன்றையும் அவர் தூக்கும்போது டயர் தடம் தெரிகிறதா என்றுதான் நான் முதலில் பார்த்தேன். பதினைந்தாவதிலும் விளக்குமாற்றின் ஈர்க்கு ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. முன்பைவிட ரெண்டு ஈர்க்கு கம்மி என்றார், எனக்குத் தெரியவில்லை.

படத்தின் கீழே பென்சிலால் எண் போட்டு, பெயர் எழுதினார். எத்தனை பிரதியில் இது எத்தனையாவது என்று தெரிய வேண்டுமாம். முடிந்ததும் அந்த டயர் விழுந்த காலண்டர் தாளை எடுத்து என் முன்னால் வைத்துப் பென்சிலை நீட்டினார்.

"இது நீங்க போட்ட படம். கையெழுத்து போடுங்க. ஒண்ணுல ஒண்ணுன்னு நம்பர் எழுதுங்க, வேற பிரதி எடுக்கக் கூடாது."

போட்டேன். அது இப்போது என் வீட்டில், பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. சுவரில் மாட்ட மனைவி சம்மதிக்கவில்லை.

என் வண்டிக்குப் புதுச்சேரி எல்லை தாண்ட பர்மிட் இல்லை. மை காய்ந்ததும், மார்கழி பத்தாம் தேதி, பதினைந்தையும் அட்டையில் வைத்துக் கட்டி அக்காவே பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். தை பிறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது கூடத்துக்காரர் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். வெள்ளைச் சுவர், அதில் வரிசையாகப் பதினைந்து காலி வீடு. ஒரு பெண் தன் மகளிடம், நம்ம பழைய வீடு மாதிரியே இருக்கில்ல, என்று சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டு நகராமல் நின்றார். எனக்கு அழுகை வந்தது. சாமான் போன பிறகு ஒரு வீடு எப்படி இருக்கும் என்று அன்றுதான் நின்று பார்த்தேன்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் அக்கா போன் போட்டார்.

"அண்ணே, சுவத்துல ஏறிடுச்சி. கடைக்கு நீ வேற ஆளப் பாத்துக்கோ."

அந்தப் பக்கம் யாருக்கோ அரிசி அளந்து போடுகிற சத்தம் கேட்டது. பிறகு அண்ணன் பேசினார்.

"ஆள் போட்டு ரெண்டு மாசம் ஆவுது. நீ சபதம் போட்ட அடுத்த வாரமே போட்டுட்டேன். நீ வந்து கல்லாவுல ஒக்கார்ற ஆளா? சரி, சாப்ட்டியா?"

அக்கா நகத்தில் ஒட்டியிருந்த மையைச் சுரண்டினார்.

"சாப்ட்டியான்னு கேட்டேன்" என்றார் அண்ணன் மறுபடியும்.

அக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போனை என்னிடம் நீட்டினார். "இன்னும் இல்லீங்கண்ணே, இனிமேதான்" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.